கோபுரத்திற்கு முன் கம்பி: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸுக்கு மின்பாதை மாதிரி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்லாந்தின் தம்பரே நகரில் இயங்கும் கொலோசல் ஆர்டர் உருவாக்கி, பாரடாக்ஸ் இண்டராக்டிவ் 2015 மார்ச்சில் வெளியிட்ட சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்னும் நகரம் கட்டும் கணினி விளையாட்டில், வீடு, கடை, பேருந்து நிலையம் ஆகியவற்றைத் தாமே வடிவமைத்து நகரத்தில் வைப்பவர்கள் ஏராளம். உயர்மின் கோபுரத்தையும் அதன் கம்பிகளையும் செய்ய முன்வருபவர்கள் மிகக் குறைவு. கட்டடம் என்பது ஒரே இடத்தில் நிற்கும் பொருள். செய்து முடித்து வைத்துவிட்டால் வேலை தீர்ந்தது. மின்பாதையோ, விளையாடுபவர் இழுக்கும் திசையிலும் நீளத்திலும் நீண்டு, குறுகி, திரும்பி, மலை ஏறி இறங்க வேண்டிய பொருள். இந்த வேறுபாட்டை மறந்து, கோபுரத்தை ஒரு கட்டடம்போல அழகாகச் செதுக்கிவிட்டுக் கம்பியைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று தொடங்குவதுதான் முதல் தவறு. பின்னால் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று வாரம் செலவழித்த கோபுரத்தைக் கம்பி ஒத்துவராததால் மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

கம்பி இழுபடும் விதம்

இவ்விளையாட்டில் சாலையானாலும் தண்டவாளமானாலும் மின்கம்பியானாலும், ஒரு துண்டு மெஷ் (பொருளின் உருவத்தை அமைக்கும் முக்கோணங்களின் வலை) 64 மீட்டர் நீளத்திற்குச் செய்யப்படுவது வழக்கம். விளையாடுபவர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் விடுகிறாரோ அதற்கேற்ப அந்தத் துண்டு நீளவாக்கில் இழுக்கவோ சுருக்கவோ படுகிறது. உயரவாக்கில் எதுவும் மாறுவதில்லை. சாலைக்கு இதனால் கேடில்லை. தொங்கும் கம்பிக்கு இது பெரிய சிக்கல். உண்மையான கம்பியின் தொய்வு, இழுவிசை மாறாதவரை, கோபுர இடைவெளியின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். இடைவெளி பாதியானால் தொய்வு கால்பங்காகிவிடும். 120 மீட்டர் இடைவெளியை மனத்தில் வைத்து 3 மீட்டர் தொய்வோடு நீங்கள் செய்த கம்பியை ஒருவர் 30 மீட்டர் இடைவெளியில் போட்டால், இயற்கைப்படி தொய்வு 19 சென்டிமீட்டர் அளவுக்கே இருக்க வேண்டும். விளையாட்டிலோ அதே 3 மீட்டர் அப்படியே நிற்க, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தூளி கட்டியதுபோலக் கம்பி தொங்கும்.

இதற்கு முழுமையான தீர்வு கிடையாது. எந்த இடைவெளிக்காகச் செய்கிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்து, தொய்வைச் சற்றுக் குறைவாகவே வைத்து, அந்த இடைவெளியைப் பதிவேற்றும்போது விளக்கக் குறிப்பில் எழுதிவிடுவது நல்லது. தொய்வு குறைவாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கூடுதலாக இருந்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

இடைவெளியை எப்படி முடிவுசெய்வது என்பதிலும் சறுக்குபவர்கள் உண்டு. இந்தியாவில் 220 கிலோவோல்ட் மின்பாதைக்குச் சுமார் 350 மீட்டரும், 400 கிலோவோல்ட்டுக்குச் சுமார் 400 மீட்டரும் வழக்கமான கோபுர இடைவெளிகள். நிஜத்தை அப்படியே கொண்டுவருகிறேன் என்று அதே அளவை வைத்தால், 1.92 கிலோமீட்டர் பக்கம் கொண்ட விளையாட்டின் ஒரு நிலக்கட்டத்தை ஐந்தரை இடைவெளியில் கடந்துவிடலாம். ஒரு நகரத்திற்கே பத்துப் பதினைந்து கோபுரங்கள் போதும் என்றாகிவிடும். வரிசையாகக் கோபுரங்கள் வயல்வெளியைக் கடந்து போகும் அந்தக் காட்சியே கிடைக்காது. 100 முதல் 130 மீட்டர் வரை இடைவெளியைச் சுருக்கி, கோபுர உயரத்தையும் 45 மீட்டரிலிருந்து 32, 35 மீட்டர் அளவுக்குக் குறைப்பதே கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பது என் அனுபவம். துல்லியத்தை விரும்புபவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் விளையாட்டின் நிலமே சுருங்கியது என்னும்போது கோபுரம் மட்டும் சுருங்காமல் நிற்பது பொருந்தவில்லை.

தொய்வின் வளைவை எத்தனை துண்டுகளாகப் பிரிப்பது என்பது அடுத்த கேள்வி. வளைவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு கம்பியை 32 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆறு பக்கக் குழாயாகச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுற்றுக்கு மூன்று கம்பிகள் கொண்ட இருசுற்று மின்பாதைக்கு ஆறு கம்பிகளும் உச்சியில் ஓர் எர்த் கம்பியும் சேர்த்து ஏழு. ஏழு கம்பிகளுக்கு இந்தக் கணக்கில் 2,688 முக்கோணங்கள் ஆகின்றன. எட்டே துண்டுகள், மூன்று பக்கங்கள் என்று வைத்தால் 336 முக்கோணங்களில் முடிந்துவிடும். எட்டுத் துண்டு போதுமா என்ற ஐயம் எழலாம். பரவளைவை N நேர்கோடுகளால் வரைந்தால், உண்மையான வளைவிலிருந்து விலகும் அளவு, தொய்வை N-இன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 3 மீட்டர் தொய்வில் எட்டுத் துண்டுக்கு இது 5 சென்டிமீட்டரைத் தாண்டாது. நூறு மீட்டர் நீளக் கம்பியில் 5 சென்டிமீட்டர் விலகலை எந்தக் கேமராக் கோணத்திலும் கண்டுபிடிக்க முடியாது.

கம்பியின் தடிமனில் நிஜத்தை நாடுவதும் ஏமாற்றத்தில் முடியும். 220 கிலோவோல்ட் பாதைகளில் பரவலாகப் பயன்படும் ஜீப்ரா வகைக் கம்பியின் விட்டம் 28.62 மில்லிமீட்டர், அதாவது மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. அதே தடிமனில் செய்தால், கேமரா சற்று மேலே போனதும் கம்பி ஒரு பிக்சலைவிட மெல்லியதாகி, விட்டு விட்டு மின்னும் புள்ளிக்கோடாக உடைந்துபோகும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை தடிமன் வைப்பது பொய்தான், ஆனால் தேவையான பொய். கேமரா தொலைவில் இருக்கும்போது காட்டப்படும் எளிய எல்ஓடி மாதிரியில் இன்னும் தடிமனாக்கி, நெருங்கியிருக்கும் கம்பிகளை ஒன்றாக்கிவிடலாம். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் மாஸ் டிரான்ஸிட் என்னும் விரிவாக்கம் வெளியானபோது அதனுடன் வந்த இலவச மேம்படுத்தலில்தான் எடிட்டருக்குள் சாலை வடிவமைக்கும் வசதி வந்தது. அது முதன்மையாகச் சாலைகளை எண்ணிச் செய்யப்பட்டது. அதன் வழியே கம்பியைக் கொண்டுவருபவர்கள், சாலைப்பரப்புக்கு உரிய ஷேடரையே (பரப்பு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிரலையே) கம்பிக்கும் விட்டுவிடுகிறார்கள். மின்கம்பிக்கென்று விளையாட்டிலேயே தனி ஷேடர் இருக்கிறது. மோட் என்னும் கூடுதல் நிரலின் துணையோடு அதற்கு மாற்றிக்கொண்ட பிறகே மற்றதைச் சோதிக்க வேண்டும்.

கோபுரம்: எங்கே மெஷ், எங்கே படம்

கோபுரத்தில் நேரும் பெரிய தவறு, ஒவ்வொரு ஆங்கிளையும் (எல் வடிவ இரும்புச் சட்டத்தையும்) தனித்தனி மெஷ்ஷாகச் செய்வது. என் முதல் கோபுரத்தில் சுமார் 400 இரும்புத் துண்டுகள் இருந்தன. துண்டுக்கு 12 முக்கோணம் என்று 4,800 ஆனது. அது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, கம்பியைத் தாங்கும் மின்காப்புப் பீங்கான்களைச் செய்தேன். ஆறு சரங்கள், சரத்திற்கு 14 தட்டுகள், தட்டுக்கு 44 முக்கோணங்கள் என்று 3,696 வந்தது. கோபுரத்தின் இரும்புக்கு ஆன முக்கோணங்களில் முக்கால் பங்குக்குச் சமமாக, யாரும் கிட்டே போய்ப் பார்க்காத பீங்கான் தட்டுகள்! இருநூறு கோபுரங்கள் நட்ட நகரத்தில் விளையாட்டு திக்கித் திணறியதில் வியப்பில்லை. சரத்தை ஆறு பக்கக் குழாய் ஒன்றாகச் செய்து, தட்டுகளின் விளிம்பை டெக்ஸ்சரில் (மெஷ்ஷின்மேல் ஒட்டும் படத்தில்) வரைந்துவிட்டால் சரத்திற்குப் பன்னிரண்டு முக்கோணம் போதும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முக்கோணங்களைக் குறைக்கிறேன் என்று கோபுரத்தின் முழு முகத்தையும் ஒரே தட்டையான பரப்பாக்கி, அதன்மேல் இரும்புச் சட்டங்களின் படத்தை ஒட்டி, இடைவெளிகளை, எந்த இடம் தெரியக்கூடாது என்று குறிக்கும் ஆல்ஃபா டெக்ஸ்சரால் வெட்டிவிடுவது. 45 மீட்டர் உயரமுள்ள முகத்தை 1024 பிக்சலில் அடக்கினால் ஒரு பிக்சலுக்கு 4.4 சென்டிமீட்டர் வருகிறது. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கால் ஆங்கிளுக்கு மூன்று பிக்சல் கிடைக்கும். 5 சென்டிமீட்டர் குறுக்குச் சட்டத்திற்கு ஒன்றுதான். கேமரா விலகியதும் விளையாட்டு டெக்ஸ்சரின் சிறிய பதிப்புக்கு மாறும்போது, அந்த ஒரு பிக்சல் சட்டங்கள் காணாமல் போய், நான்கு கால்கள் மட்டும் வானத்தை நோக்கி நிற்கும்.

நடுவழி இதுதான்: நான்கு கால்களையும் குறுக்குக் கைகளின் வெளி விளிம்புகளையும் உண்மையான மெஷ்ஷாகச் செய்து, இடையிலுள்ள பின்னல் சட்டங்களை மட்டும் ஆல்ஃபாவில் விட வேண்டும். நான்கு முகங்களும் ஒன்றுபோலவே இருப்பதாலும், ஒரு முகத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடிப் பிம்பங்களாக இருப்பதாலும், டெக்ஸ்சரில் அரை முகம் வரைந்தால் போதும். அந்த அரை முகத்தையும் 15 மீட்டர் உயரமுள்ள மூன்று துண்டுகளாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால், ஒரு பிக்சலுக்கு 1.5 சென்டிமீட்டர் என்ற கணக்கு வந்துவிடும். அடிப்பகுதி அரையகலம் 5 மீட்டர், நடுப்பகுதி 3, மேற்பகுதி 2 என்று வைத்தாலும் சுமார் 670 பிக்சல் அகலமே ஆகும். மிச்ச இடத்தில் பீங்கானும் கைகளும் அடங்கும்.

ஆல்ஃபாப் பரப்புகளைப் பயன்படுத்துபவர்கள் கட்டாயம் மறப்பது பின்பக்கத்தை. இவ்விளையாட்டு இயங்கும் யூனிட்டி எஞ்சின் பொதுவாக ஒரு பரப்பின் முன்பக்கத்தை மட்டுமே வரையும். வீட்டுச் சுவருக்கு உள்பக்கம் தெரியப்போவதில்லை. ஆனால் கோபுரமோ சல்லடை. முன்முகத்தின் ஓட்டைகள் வழியே எதிர்முகத்தின் உட்புறம்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் கோபுரம் பாதி வெட்டிய அட்டைப்படம்போல இருக்கும். பரப்புகளை நகலெடுத்து, திசையைத் திருப்பி, இரட்டையாக்குவதே வழி.

அளவு, அச்சு ஆகியவற்றில் வரும் தவறுகள் சிறியவை, விரைவில் தெரிந்துவிடுபவை. விளையாட்டில் ஓர் அலகு ஒரு மீட்டர். பிளெண்டர் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளிலிருந்து எஃப்பிஎக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது நூறு மடங்கு அளவு வேறுபாடு வருவது பலருக்கும் நேர்வது. கோபுரத்தின் மூலப்புள்ளி அடித்தளத்தின் நடுவில், தரைமட்டத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழேயும் கால்களை மூன்று நான்கு மீட்டர் நீட்டிவிடுங்கள். இல்லையென்றால் சரிவான நிலத்தில் ஒரு கால் காற்றில் தொங்கும்.

நிஜத்தைப் பார்க்காமல் செய்வது

எந்த நாட்டு, எந்த அழுத்த மின்பாதை என்று தீர்மானிக்காமல் செய்த கோபுரம் எதையோ ஒத்திருக்கும், ஆனால் எதுவாகவும் இருக்காது. ஜெர்மனியில் பரவலாகக் காணப்படும் டோனாவ் வகையில் மேல் கையில் பக்கத்திற்கு ஒரு கம்பியும் கீழ்க் கையில் பக்கத்திற்கு இரண்டும் இருக்கும். நம் ஊர் இருசுற்றுக் கோபுரங்களில் மூன்று கைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கம்பி தொங்கும். பிரிட்டனில் 1928-இல் நிறுவத் தொடங்கிய கோபுரங்களின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் ரெஜினால்ட் ப்ளோம்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞர் பங்கேற்றார். அதே நாட்டில் அண்மையில் வந்த டி வடிவக் கோபுரம் 35 மீட்டர் உயரமே உள்ள ஒற்றைத் தூண். ஒன்றுக்குச் செய்த கம்பி மெஷ் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால், இத்தேர்வும் கம்பிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தமிழ்நாட்டு மின்பாதையைச் செய்பவர் இன்னொன்றையும் கவனிக்கலாம்: இந்தியாவில் பல மாநிலங்களில் 132, 220 கிலோவோல்ட் என்றிருக்க, இங்கே 110, 230 கிலோவோல்ட் பாதைகளே உள்ளன. இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தின் எண்ணை அப்படியே பெயரில் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

பீங்கான் தட்டுகளின் எண்ணிக்கை அழகுக்காக வைப்பது அன்று. 220 கிலோவோல்ட்டுக்கு 13, 14 தட்டுகளும் 400 கிலோவோல்ட்டுக்கு 23 தட்டுகளும் இந்திய வழக்கம். தட்டுக்கு 145 மில்லிமீட்டர் என்பதால் முதலாவது சரம் சுமார் 2 மீட்டர் நீளம், இரண்டாவது 3.3 மீட்டர். பெரிய கோபுரத்தில் ஐந்து தட்டுகள் தொங்கினால் பொம்மைபோல் தெரிவது ஒருபுறமிருக்க, கம்பியின் முனை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதையே அந்தச் சரத்தின் நீளம் தீர்மானிக்கிறது. கம்பியைக் கையின் நுனியிலேயே முடித்துவிட்டு, சரம் தனியே கீழே தொங்கும்படி விட்ட மாதிரிகளை இன்றும் பார்க்க முடிகிறது.

தாழ்ந்த கம்பிக்கும் தரைக்கும் 220 கிலோவோல்ட்டில் ஏறக்குறைய 7 மீட்டரும் 400 கிலோவோல்ட்டில் 8.84 மீட்டரும் இருக்க வேண்டும் என்பது இந்திய நடைமுறை. சுருக்கிய கோபுரத்திலும் இந்த உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள். பேருந்துகளும் லாரிகளும் அடியில் போகும்போது இதுதான் முதலில் கண்ணில் உறுத்தும்.

திருப்பங்களே கடைசிச் சோதனை. நேராகப் போகும் பாதையில் கம்பியைத் தாங்கி நிற்கும் கோபுரத்தில் பீங்கான் சரம் செங்குத்தாகத் தொங்கும். திரும்பும் இடத்தில் இழுவிசையைத் தாங்கும் கனமான கோபுரம் நிற்கும். அதில் சரங்கள் கம்பியின் திசையிலேயே கிடைமட்டமாக நீண்டு, இரு பக்கத்துக் கம்பிகளையும் ஜம்பர் என்னும் தொங்கு கம்பி இணைக்கும். இந்தியக் கோபுரங்களில் ஏ வகை 2 டிகிரி வரையிலும், பி வகை 15 வரையிலும், சி வகை 30 வரையிலும், டி வகை 60 வரையிலும் திரும்பத் தகுந்தவை. விளையாட்டில் எல்லாப் புள்ளியிலும் ஒரே கோபுரத்தை வைத்துவிட்டு, 60 டிகிரித் திருப்பத்திலும் சரம் நேராகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. நான்கு வகையும் வேண்டியதில்லை. தாங்கும் கோபுரம் ஒன்று, திருப்பக் கோபுரம் ஒன்று என்று இரண்டு செய்தால் போதும். பதிவேற்றுமுன் சோதனை நகரம் ஒன்றில் 30, 60, 90 டிகிரித் திருப்பங்களையும், மிகக் குறுகிய இடைவெளி ஒன்றையும், செங்குத்தான மலைச்சரிவு ஒன்றையும் போட்டு, ஒவ்வொரு கோபுரத்தடியிலும் கேமராவை இறக்கி, கம்பியின் முனை பீங்கானைத் தொடுகிறதா என்று பாருங்கள். 90 டிகிரியில் அது அனேகமாகத் தொடாது. அப்போது கோபுரத்தைத் திருத்த முயலாமல், அந்தத் திருப்பத்தை 45 டிகிரியாக இரண்டு கோபுரங்களில் பிரித்துப் போடும்படி விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.