அடைமழை நாட்களில் மனம் சோராமல் இருக்க

குமரி மாவட்டத்துக்குத் தனியாகக் குளிர்காலம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நமக்குக் குளிர்காலம். அப்போது மனம் மந்தமானால் பகல் குறுகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் டிசம்பர் 21 வாக்கில் வரும் மிகக் குறுகிய பகலே இங்கே சுமார் 11 மணி 40 நிமிடம். ஜூன் மாதத்து நீண்ட பகலைவிட ஒரு மணி நேரம்போலத்தான் குறைவு. இருட்டுவது மேகத்தால். மீதியை, ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே கிடந்து நாமே உண்டாக்குகிறோம்.

அதனால் முதல் வேலை வெளிச்சம். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் அரை மணி நேரம் வெளியே இருங்கள். டியூப்லைட் போட்ட அறையில் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் அதிகம். சாதாரண மேகமூட்டத்தில்கூட வெளியே ஆயிரத்தைத் தாண்டும். இந்தக் காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரி செய்து ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரவைக்கிறது. மழை பெய்தால் திண்ணை ஓரத்தில், தலைக்கு மேல் வானம் தெரிகிற இடத்தில் நாற்காலி போடுங்கள். நாலடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். மத்தியானத் தூக்கம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், நாலு மணிக்கு மேல் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம். மழைக்கு அது சுகம்தான், ஆனால் ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருக்க வைக்கும்.

இரண்டாவது வேலை நன்றிப் பட்டியல், அதாவது நன்றி சொல்லத் தோன்றுகிறவற்றை ஒரு நோட்டில் எழுதுவது. ஆனால் தூக்கம் கெட்ட மனதிடம் அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆகவே ஒரு வாரம் வெளிச்சத்தைச் சரி செய்த பிறகு நோட்டை எடுங்கள். எழுத பென்சில் நல்லது. ஈரக் காற்றில் நமுத்த தாளில் ஜெல் பேனா மை பரவும். வாரத்துக்கு ஒருமுறை போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். 2003இல் எம்மன்ஸ், மெக்கலா என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்விலும் ஒரு குழுவினர் வாரம் ஒருமுறை ஐந்து விஷயங்கள் வரைதான் எழுதினார்கள். தினமும் எழுதினால் பத்தாம் நாளிலேயே "குடும்பம், ஆரோக்கியம், சாப்பாடு" என்று வாய்ப்பாடாகிவிடும்.

எழுதும்போது ஆளையும் செயலையும் குறிப்பிடுங்கள். "கரண்ட் வந்தது" என்பதில் ஒன்றுமில்லை. "ராத்திரி பதினொன்றுக்கு, கொட்டுகிற மழையில் லைன்மேன் கம்பத்தில் ஏறினார்" என்று எழுதினால் மனம் அசையும். மறுநாள் அவரைப் பார்த்தால் நேரில் சொல்லியும் விடலாம். எழுதியதைவிட அது கூடுதல் வேலை செய்யும்.

நிலைமையை நிதானமாகப் பார்க்க, அடுத்த பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் மழை கெடுத்தவை: துணி காயவில்லை, ரப்பர் பால்வெட்டு நின்று கூலி போச்சு, வள்ளம் இறங்கவில்லை. வலப்பக்கம் மழை கொடுத்தவை: பேச்சிப்பாறை அணைக்கு நீர்வரத்து, கும்பப்பூ நெல் வயலுக்குத் தண்ணீர், கிணற்றில் ஊற்று. இடப்பக்கத்தை முதலில், ஒளிக்காமல் எழுதுவது முக்கியம். ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடக் கூடாது. போன கூலி போனதுதான், அணை நிறைந்ததால் அது திரும்ப வராது.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் எத்தனை பேர்" என்று பிறருக்கு நன்றியைப் போதிக்கிறோம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில், கார்த்திகைக் காற்று இரைந்தாலே பழையது கிளம்பும். அங்கே போய் நோட்டைப் பற்றிப் பேசாதீர்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுபோய்க் கூட உட்கார்ந்திருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ திரும்பாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நோட்டு போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள். வீட்டில் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.