கல்லூரியில் கிடைக்கும் ஓய்வு நேரம்: முதலாண்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ படிக்கும் மாணவருக்குத் தன் நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. காலையில் சிறப்பு வகுப்பு, பகல் முழுவதும் பாடம், மாலையில் மீண்டும் சிறப்பு வகுப்பு அல்லது டியூஷன் என்று ஓடும். விளையாட்டுப் பாடவேளையைக்கூடக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். அதே மாணவர் சில மாதங்கள் கழித்து ஷிஃப்ட் முறையில் நடக்கும் ஓர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து, காலை ஷிஃப்டும் கிடைத்துவிட்டால், பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். முதலாண்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: பாடம் கடினமாக இருந்து தடுமாறியவர்களைவிட, இந்தப் பிற்பகலைக் கையாளத் தெரியாமல் தடுமாறியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கால அட்டவணையில் காலியாகத் தெரிவதையெல்லாம் விடுமுறை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றலைக் குறிக்கிறது. நான்கு கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 120 மணி நேரம் என்றால், வாரத்துக்கு ஐந்து வகுப்புகள் வீதம் 15 வாரங்களில் 75 மணி நேரமே வகுப்பறையில் கழிகிறது. மீதி 45 மணி நேரம், அதாவது வாரத்துக்கு மூன்று மணி நேரம், மாணவர் தாமாகப் படிப்பார் என்ற கணக்கில் விடப்பட்டிருக்கிறது. பள்ளியில் இந்த மூன்று மணி நேரத்தையும் ஆசிரியரே எடுத்துக்கொண்டு, வினா வங்கியைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். கல்லூரியில் அதைக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்பதால், அப்படி ஒரு நேரம் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.

இதோடு சேர்ந்தே வருவது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம். பிளஸ் டூவில் ஒரு பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு உண்டு என்றாலும், காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் எடுத்த மதிப்பெண் பொதுத்தேர்வு மொத்தத்தில் சேர்வதில்லை. மார்ச் மாதத்துக்குள் மூன்று திருப்புதல் தேர்வுகளை நடத்தி மாணவரைத் தேற்றிவிடுவார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக உள்ள முறைப்படி 25 மதிப்பெண் இன்டர்னல் எனப்படும் அகமதிப்பீட்டுக்கும் 75 மதிப்பெண் செமஸ்டர் தேர்வுக்கும் போகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னலே 40. கல்லூரி இன்னும் பழகவில்லை என்று முதல் மாதத்தைச் சும்மா கழித்துவிட்டு, முதல் இன்டர்னல் தேர்வில் குறைவாக எடுத்தவருக்கு, அந்த மதிப்பெண்ணை நவம்பரில் இரவு பகலாகப் படித்தாலும் மீட்க முடிவதில்லை.

வருகைப்பதிவில் நடக்கும் தவறு வேறு வகை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள், 75 சதவீதம் வருகை வேண்டும் என்று சொன்னதுமே மாணவர்கள் 68 நாள் வந்தால் போதும் என்று கணக்குப் போட்டு, மிச்சமுள்ள 22 நாட்களைத் தங்களுக்குச் சேரவேண்டிய விடுப்பாக எழுதிக்கொள்கிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பதினைந்து நாட்கள் கட் அடித்துத் தீர்ந்துவிடும். மழைக்காலக் காய்ச்சலும் ஊர்த் திருவிழாவும் வீட்டில் ஒரு திருமணமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத வழி உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வையே எழுத முடியாத நிலை வருகிறது.

நேரத்தைத் திட்டமிடத் தொடங்குகிறவர்களும் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். வகுப்பில் ஒரு மாணவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, செவ்வாய் மூன்றாம் மணி நூலகம், வியாழன் ஐந்தாம் மணி புள்ளியியல் கணக்கு என்று பென்சிலால் எழுதியிருந்தார். மூன்றாவது வாரத்தில் அந்தப் பக்கம் முழுக்க அழித்து எழுதிய கறைதான் இருந்தது. காரணம், எங்கள் கல்லூரியில் டே ஆர்டர் முறை, அதாவது கால அட்டவணை கிழமைப்படி இல்லாமல் வேலை நாளின் வரிசை எண்ணின்படி நடக்கும். டே ஆர்டர் ஆறு, வாரத்தில் வேலை நாள் ஐந்து என்பதால், இந்தத் திங்கட்கிழமை முதல் டே ஆர்டர் என்றால் அடுத்த திங்கட்கிழமை ஆறாவதாக இருக்கும். இடையில் ஒரு விடுமுறை வந்தால் அதுவும் மாறிவிடும். பள்ளியில் கிழமையை வைத்தே பாடப்புத்தகம் எடுத்துப் பழகியவருக்கு இது சட்டென்று பிடிபடாது. வகுப்பில்லாத மணியை டே ஆர்டர் எண்ணோடும், வீட்டில் படிக்கும் நேரத்தைக் கிழமையோடும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அதன் பிறகு அழிப்பதற்கு வேலை இருக்கவில்லை.

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பெரிய வேலையை வைத்துக்கொள்வதும் வீண். நூலகம் போய்ப் புத்தகம் தேடி உட்காருவதற்குள் பாதி மணி போய்விடும். சற்று முன் நடந்த வகுப்பின் குறிப்புகளை, ஞாபகம் மறைவதற்கு முன் ஒருமுறை திருத்தி எழுதுவதற்கு அந்த நேரம் சரியாக இருக்கும். டீக்கடையில் நண்பர்களோடு கழிக்கும் மணியை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன், கல்லூரி வாழ்க்கையில் அதற்கும் இடம் வேண்டும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. நேரம் நிறைய இருக்கிறது என்ற உற்சாகத்தில் முதல் மாதத்திலேயே எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டம் ஆண்டுக்கு 120 மணி நேரம் கேட்கும். என்.பி.டெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் 12 வாரப் படிப்பில் வாரந்தோறும் அசைன்மென்ட் வரும், தேதி தவறினால் ஏற்கமாட்டார்கள். இவற்றோடு டிஎன்பிஎஸ்சி பயிற்சியும் தட்டச்சு வகுப்பும் சேரும்போது, பள்ளியில் மற்றவர்கள் நிரப்பிய நாளை இப்போது மாணவரே நிரப்பிவிடுகிறார். முதல் செமஸ்டரில் ஒன்று போதும்.

சனி, ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்கும், மாலையில் துணிக்கடைக்கும் போகும் மாணவர்களுக்கு மேலே சொன்ன கணக்குகள் அப்படியே பொருந்தா. அவர்களுடைய பிற்பகல் ஏற்கெனவே குடும்பத்துக்குப் போய்விட்டது. வகுப்பு நடக்கும் ஐந்து மணி நேரமும், பேருந்தில் போகும் நேரமும்தான் அவர்களுக்கு மிச்சம். இதைத் தெரிந்துகொள்ளாமல் சோம்பேறி என்று முத்திரை குத்துவது ஆசிரியர்கள் செய்யும் தவறு. நானும் ஒருவரிடம் அப்படிப் பேசி, பிறகு வருந்தியிருக்கிறேன்.

கடைசியாக, வீட்டில் நடக்கும் தவறு. பிளஸ் டூ முடியும்வரை மகளை ஒரு வேலையும் செய்ய விடாத வீடுகளில்கூட, கல்லூரி சேர்ந்து இரண்டு மணிக்குத் திரும்பியதும் சமையலும் தம்பியின் வீட்டுப்பாடமும் ரேஷன் கடையும் அவர் தலையில் விழுகின்றன. பெற்றோர் கல்லூரிக்குப் போனதில்லை என்றால், மதியமே வகுப்பு முடிந்தால் படிப்பும் முடிந்தது என்று அவர்கள் நினைப்பதில் குற்றம் காண முடியாது. மாணவிதான் எடுத்துச் சொல்ல வேண்டும், அதுவும் முதல் மாதத்திலேயே. பென்சிலால் கட்டம் போட்ட அதே மாணவி, இன்டர்னல் தேதிகளை அடுப்படியில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு, நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். ஐந்தரை மணிக்குத் தண்ணீர் லாரி வரும் நாட்களில் மட்டும் எழுந்து வரவேண்டும் என்று அம்மா சொன்னாராம். அப்படியே ஒப்புக்கொண்டார்கள்.