தாய்வீட்டில் இருக்கும்போதே குழந்தையைக் குளிப்பாட்டப் பழகுவது எப்படி?

பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குத் திரும்பும்போது, அரைஞாண், வசம்பு வளையல், தூளிக்கான பழைய பருத்திச் சேலை என்று எல்லாவற்றையும் மறக்காமல் மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவார்கள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பழக்கம் மட்டும் பாட்டியின் கையோடு அங்கேயே தங்கிவிடும். என் முதல் குழந்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. மூன்று மாதமும் அம்மாவே குளிப்பாட்டினார். நான் துண்டை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். ஏழாவது வாரத்தில் என் மகள் முதன்முதலாக முகம் பார்த்துச் சிரித்தபோது அம்மாவின் கால்மேல் கிடந்தாள். சிரித்ததும் அம்மாவைப் பார்த்துத்தான். ஊர் திரும்பிய மறுநாள் காலை, எண்ணெய் பூசிய குழந்தையுடன் எப்படி உட்காருவது என்றே தெரியாமல் குளியலறையில் நின்றுவிட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுத்து வந்தேன். இரண்டாவது பிரசவத்தில் இந்தத் தவற்றைச் செய்யக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

தொப்புள்கொடி காய்ந்து விழும் வரை, அதாவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு, குழந்தையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். கொடியின்மேல் மஞ்சள், சாம்பல், பவுடர் எதையும் வைக்காமல் உலர்வாக விட்டுவிட வேண்டும். சுற்றிலும் சிவந்தாலோ நாற்றம் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதக் குழந்தை, 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தை ஆகியோருக்கு எப்போது முழுக் குளியலைத் தொடங்கலாம் என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். சிசேரியன் ஆன தாய்க்குக் கீழே மணையில் உட்கார்ந்து காலை நீட்டுவது சில வாரங்களுக்குச் சிரமம். அதற்காகக் கதவோரம் நிற்க வேண்டியதில்லை. பாட்டியின் காலில் குழந்தை கிடக்க, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணெய் பூசுவதை மட்டும் உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் உடம்பு வழுக்கும் விதம் அதிலேயே கைக்குப் பழகிவிடும்.

பால் குடித்தவுடன் குளிப்பாட்டினால் குழந்தை கக்கிவிடும். நல்ல பசியில் குளிப்பாட்டினால் அழுது தீர்க்கும். பால் கொடுத்து அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, வெயில் ஏறிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குவதே சரி. மாற்றுத்துணி, மெத்தென்று தேய்ந்த பழைய வேட்டித்துண்டு, மிதமான குழந்தை சோப்பு ஆகியவை முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வாளியில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, அதன்பின் வெந்நீரைச் சேர்த்து விளாவ வேண்டும். வெந்நீரை முன்னால் ஊற்றிவைத்து, அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் மறந்து போகும். விளாவிய நீரை உள்ளங்கையால் பார்க்காமல் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். அடுப்படியில் காய்த்த உள்ளங்கைக்கு இதமாகத் தெரியும் சூடு குழந்தையின் தோலுக்கு அதிகம்.

தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி, மார்பு, வயிறு, கை, கால், முதுகு என்று அழுத்தாமல் வழித்துவிட வேண்டும். காதிலும் மூக்கிலும் கண்ணிலும் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். தாயின் ஹார்மோனால் பிறந்த குழந்தையின் மார்பு சிறிது வீங்கியிருக்கும், அது தானாகவே வற்றும். பிழிந்தால் சீழ் பிடிக்கக்கூடும். மூக்கை நீவி எடுப்பாக்குவதும், தலையை அழுத்தி உருண்டையாக்குவதும் தேவையற்றவை. உச்சிக்குழியைத் தொடவே பயப்பட வேண்டாம், அழுத்தாமல் தடவலாம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் தடுப்பூசி போட்டு வந்தால், ஊசி போட்ட தொடையை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். இவற்றையெல்லாம் பாட்டியிடம் சொல்லும்போது, நீங்கள் செய்தது தவறு என்று தொடங்கினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். தடுப்பூசிக்குப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் சென்று, மருத்துவர் வாயாலேயே கேட்க வைப்பது எளிது. நான் அப்படித்தான் செய்தேன்.

இனி உட்காரும் முறை. சுவரில் முதுகு சாய்ந்திருக்கும்படி தாழ்ந்த மணையில் அமர்ந்து, இரு கால்களையும் சேர்த்து நேராக நீட்டி, பாதங்களை மேல்நோக்கி நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவில் விழும் பள்ளத்தில் குழந்தை படுத்துக்கொள்ளும். நிறுத்திய பாதங்களின் பக்கம் தலை வரட்டும். நான் முதன்முறை கையெல்லாம் நடுங்க உட்கார்ந்தபோது அம்மா பின்னால் நின்றுகொண்டு, “பயப்படாத, எங்கயும் விழாது. ஒன் கால் ரெண்டும்தான் அதுக்குத் தொட்டி” என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. முதலில் மல்லாக்கப் போட்டு முன்பக்கத்தையும், பிறகு குப்புறப் போட்டு முதுகையும் கழுவுங்கள். குப்புறக் கிடக்கும்போது வாயும் மூக்கும் காலில் அழுந்தாதவாறு முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, ஒரு கையை எப்போதும் குழந்தைமேல் வைத்திருக்க வேண்டும். தலைக்கு ஊற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இடக்கையை நெற்றியில் வரப்புபோல் வைத்துச் சொம்பிலிருந்து மெல்லிய தாரையாகப் பின்னோக்கி ஊற்றினால், முகத்தில் வழிந்து புரையேறாது. இத்தனையும் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எண்ணெய்க் குளியல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

குளியலின் பாதியில் ஓர் இடம் வரும். அழுதுகொண்டிருந்த குழந்தை, முதுகில் விளாவிய நீர் விழுந்ததும் சட்டென்று அடங்கி, மூடியிருந்த கையை விரல்விரலாக விரித்துவிடும். கதவோரத்தில் நின்றால் இது தெரியாது, அழுகை நின்றது மட்டுமே காதில் விழும். நீங்கள் அப்போது எதையும் அவசரமாகச் செய்ய வேண்டாம். அடுத்த சொம்பை அதே இடத்தில், அதே வேகத்தில் ஊற்றுங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள முகம்தான் நன்றாகத் தெரியும். ஆகையால் மல்லாக்கக் கிடக்கும்போது குனிந்து பேசுங்கள். பெரும்பாலான குழந்தைகள் ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகின்றன என்பதால், அந்த நாள்களில் குளிப்பாட்டும் வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். இது சுயநலம் என்றாலும் இருக்கட்டும்.

துவட்டும் வேலையைத் தகப்பனிடம் கொடுங்கள். வார இறுதியில் மட்டும் மாமியார் வீடு வந்து போகும் கணவர்கள், குழந்தையைத் தூக்கவே தயங்கிக்கொண்டு செல்பேசியில் படமெடுத்துக் கொண்டிருப்பார்கள். வேட்டித்துண்டை இரு கைகளிலும் விரித்துக்கொண்டு எதிரே உட்காரச் சொன்னால், ஈரக் குழந்தையை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும் என்பதையும், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் ஈரம் நின்றால் புண்ணாகும் என்பதையும் ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும். சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் முகத்துக்கோ தலைக்கோ காட்ட வேண்டாம்; தலையைத் துணியால் ஒற்றினால் போதும், மீதி ஈரம் காற்றிலேயே உலர்ந்துவிடும். மை வைக்கும் வழக்கமிருந்தால் கண்ணுக்குள் தீட்டாமல் உள்ளங்காலில் ஒரு பொட்டாக நிறுத்திக்கொள்ளுங்கள். வசம்போ உரைமருந்தோ வாய்க்குள் போகக் கூடாது, முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே.

பிறகு பால், அதன்பின் உறக்கம். குளித்த குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைச் செருகிவிடும். தூளியில் போடுவதாக இருந்தால், கொக்கியும் முடிச்சும் உறுதியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, தரைக்கு மிக அருகில் தொங்கும்படி கட்டி, கீழே மெத்தையும் விரித்து, மல்லாக்கப் போட வேண்டும். தூளியின் வளைவில் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சுக்கு இடைஞ்சலாகலாம் என்பதால், ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, இரவில் தட்டையான படுக்கையில் படுக்க வையுங்கள். குழந்தை உறங்கும் அந்த நேரத்தில் துணி துவைக்க எழுந்து போகாமல் நீங்களும் பக்கத்திலேயே படுத்துவிட வேண்டும். துணி எங்கும் ஓடிப்போகாது.

ஊருக்குக் கிளம்பும் முன் உள்ள கடைசி ஒரு வாரம், விளாவுவதிலிருந்து துவட்டுவது வரை எல்லாவற்றையும் நீங்களே செய்து, அம்மாவைக் குளியலறை வாசலில் சும்மா உட்காரச் சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு இருக்க அவரால் முடியாது. சொம்பைத் தாழ்த்திப் பிடி, காதில் தண்ணீர் போகிறது பார் என்று சொல்லிக்கொண்டேதான் இருப்பார். முடிக்கும்போது கடைசிச் சொம்பு நீரை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். குழந்தையை மூன்று முறை சுற்றிக் கீழே ஊற்றுவது அவர் வேலை.