காவிரிக்கரையில் ஒரு ராத்திரி: கூடாரமும் தூண்டிலும்

பவானி கூடுதுறையிலிருந்து கொடுமுடி வரைக்கும் காவிரிக்கரையில் தூண்டில் போட்டு ஒரு ராத்திரி தங்க நினைத்தால், மழையை விட மதகைத்தான் கவனிக்க வேண்டும். மேட்டூரில் திறக்கிற தண்ணீரை செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் தேக்கி, மின்சாரம் எடுத்துவிட்டுத்தான் கீழே விடுகின்றன. வானம் வெளுத்துக் கிடந்தாலும் ஷட்டரைத் தூக்கினால் ஆறு ஏறிவிடும்.

அதனால் கிளம்புகிற நாள் காலையில் மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு மூன்றையும் செய்தியில் பாருங்கள். மேட்டூருக்கு 120 அடி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கும் பவானி ஆற்றின் பவானிசாகர் அணைக்கு 105 அடி முழு மட்டம். இரண்டில் எது நிரம்பும் நிலையில் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உபரிநீர் எந்த ராத்திரியிலும் வரலாம். திறப்பு நாலைந்து நாளாக ஒரே அளவில் இருந்தால் மீனும் கடிக்கும், தூக்கமும் வரும்.

இடத்துக்கு வருவோம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் வரும் மாயாற்றங்கரையும், பவானிசாகர் நீர்ப்பிடிப்புப் பக்கமும் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைவது வனக்குற்றம். யானை தண்ணிக்கு இறங்குகிற வழி, முதலையும் உண்டு. காட்டுப்பக்கம்தான் போக வேண்டுமென்றால் பில்லூர் அணைப்பக்கம் பரளிக்காட்டில் வனத்துறையே நடத்தும் சூழல் சுற்றுலா இருக்கிறது. முன்பதிவு செய்துதான் போக முடியும். நொய்யலில் தூண்டில் போடாதீர்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடிய ஆற்று மீனைத் தின்பது வீண் வம்பு.

காவிரிக்கரையில் நல்ல இடம் பெரும்பாலும் யாராவது ஒருவர் தோட்டத்தை ஒட்டித்தான் இருக்கும். "ஏனுங்கண்ணா, தோட்டத்தோரமா இன்னைக்கு ராத்திரி தங்கிக்கலாமுங்களா? குப்பை போடமாட்டமுங்க" என்று பொழுது இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கிறதா என்றும் அவரிடமே விசாரியுங்கள். பரிசல்காரர் வலை விரித்திருக்கும் பக்கம் தூண்டிலை வீசினால் சண்டைதான் மிஞ்சும்.

கூடாரம் அடிக்கும் முன் கரையோரச் செடிகளைப் பாருங்கள். கிளைகளில் பிளாஸ்டிக் பையும் காய்ந்த ஆகாயத்தாமரையும் தொங்குகிற உயரம்தான் போன வெள்ளம் வந்த உயரம். அதற்கு மேலே இடம் பிடியுங்கள். ஆற்று நடுவே மணல்திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே படுக்காதீர்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, மட்டத்தில் கத்தியால் கோடு கீறி வையுங்கள். கோடு முழுகினாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கி நுரையும் சருகுமாக வந்தாலோ, சாமானைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

இரைக்கு கோதுமை மாவு ஒரு பங்கு, கடலைப் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மைதா கால் பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசையுங்கள். இளகினால் வீசும்போதே கழன்று போகும்; ரொம்ப இறுகினால் தூண்டில் முள் மீன் வாய்க்குள் தைக்காது. மீனைக் கூட்ட, அரைக்கிலோ தவிட்டில் ஊறவைத்த புண்ணாக்கைக் கலந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக ஒரே இடத்தில் போட்டு அரைமணி நேரம் சும்மா இருங்கள். பலரும் பொறுமையில்லாமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு இடம் மாறுவார்கள். அதில்தான் மீனெல்லாம் போகிறது.

கட்லா மேல்தண்ணியில் மேயும், ரோகு நடுவில், மிருகால் தரையில். முதலில் ஈயத்தை இறக்கி ஆழம் பார்த்துவிட்டு, அதற்குத் தக்கபடி தக்கையை ஏற்றி இறக்குங்கள். தக்கை துடித்துக்கொண்டே இருந்தால் ஜிலேபி மீன். அதற்குப் பத்தாம் நம்பர் முள்ளும் மண்புழுத் துண்டும் போதும். பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனால் பெரிய கெண்டையாக இருக்கலாம், அப்போது சுண்டுங்கள். முள்ளில் நம்பர் குறையக் குறைய அளவு பெரிதாகும். கெண்டைக்கு நாலாம் நம்பர் சரி. புதுத்தண்ணி வந்து கலங்கிய நாளில் மாவைத் தூக்கி வைத்துவிட்டுப் புழுவைக் கோத்து, கெளுத்திக்குத் தரையில் போடுங்கள்.

கார்பன் ராடு வைத்திருப்பவர்கள் தோட்டத்து மின்கம்பிக்கு அடியில் அதை நீட்டக் கூடாது; கரண்ட் பாயும். இடி இடித்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள் உண்டு, விஷமும் உண்டு. ஈரத்துணி போட்டு அமுக்கி, தூண்டில் முள்ளைக் குறடால்தான் கழற்ற வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் அரைமணிக்கு மேல் கையை முக்கி வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ராத்திரி நடமாட டார்ச்சும் மூடிய செருப்பும் கட்டாயம், கண்ணாடி விரியன் சாவகாசமாகப் படுத்திருக்கும். மீன் கழுவிய தண்ணீரைக் கூடாரத்துக்குத் தள்ளி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விடிய விடிய நாய்தான். தூண்டிலின் அறுந்த தங்கூசி நரம்பைத் துண்டு விடாமல் பொறுக்கிக்கொள்ளுங்கள். தோட்டத்து மாடு மேய்ச்சலில் விழுங்கிவிட்டால் அடுத்த தடவை அந்தக் கரையில் யாரும் இடம் தரமாட்டார்கள்.