அடிமாட்டு விலைக்கு வித்துட்டாங்களா? பங்குதாரர் பார்க்க வேண்டியது, கேட்க வேண்டியது

நீங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனி தன் துணை நிறுவனத்தை (பெரும்பான்மைப் பங்கைத் தன் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தை) நஷ்டத்துக்கு விற்றுவிட்டது என்று வாட்ஸப்பில் செய்தி வருகிறதா? வேலூர் பக்கத்துப் பொய்கை செவ்வாய்ச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசலாம். பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி அப்படிப் பேச முடியாது. துணை நிறுவனத்தை விற்றால் யாருக்கு, என்ன விலைக்கு, வாங்குகிறவர் புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) வகையறாவா என்று சந்தைக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். போர்டு கூட்டத்தில் எடுத்த முடிவென்றால் கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள். சந்தை நேரம் முடிந்தபின் கூட்டம் முடிந்தால் 3 மணி நேரத்துக்குள். ஆகவே வாட்ஸப் செய்தியைப் பார்த்துப் பங்கைத் தள்ளிவிடாதீர்கள். என்எஸ்இ அல்லது பிஎஸ்இ தளத்தில் அந்த அறிவிப்பை இறக்கிப் படியுங்கள். விற்ற பிரிவு போன வருட வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பதும் அதிலேயே இருக்கும்.

அடுத்தது, எந்த நஷ்டம்? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உதாரணமாக, கம்பெனி 120 கோடிக்கு வாங்கியதை 2 வருடம் முன்பே கணக்கில் 70 கோடியாகக் குறைத்து எழுதியிருக்கும். இதற்கு இம்பேர்மென்ட் என்று பெயர். இப்போது 75 கோடிக்கு விற்றால் ரிசல்ட்டில் '5 கோடி லாபம்' என்று வரும். போனதோ 45 கோடி. கோபப்பட வேண்டிய காலாண்டு எப்போதோ கடந்துவிட்டது. வாங்கிய விலையைத் தேட ஆண்டறிக்கையில் தனிக் கணக்கின் (ஸ்டாண்டலோன்) 'முதலீடுகள்' குறிப்பைப் புரட்டுங்கள். ஒருங்கிணைந்த கணக்கில் (கன்சாலிடேட்டட்) அது கிடைக்காது; அங்கே துணை நிறுவனத்தின் சொத்தும் கடனும் வரிவரியாகக் கலந்திருக்கும். இரண்டு கணக்கிலும் நஷ்டத் தொகை வேறுபட்டால் திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம், அது இயல்புதான்.

பங்கை விற்ற விலையோடு விஷயம் முடியாது. அந்தத் துணை நிறுவனத்துக்குத் தாய்க் கம்பெனி கொடுத்த கடன் திரும்புகிறதா, தள்ளுபடியா? வங்கிக்குக் கொடுத்த ஜாமீன் விலகியதா? நஷ்டத்துக்கு விற்றாலும் ஜாமீன் கழன்று, வந்த பணத்தில் கடன் அடைந்தால் அந்த விற்பனை நல்லதே. வருடா வருடம் பணத்தை விழுங்கும் பிரிவை 'வாங்கின விலை வரட்டும்' என்று கட்டிக்கொண்டு அழுவதுதான் பெரிய நஷ்டம்.

ஒருங்கிணைந்த வருமானத்திலோ நிகர மதிப்பிலோ (சொத்தில் கடன் போக மீதி) 10 சதவீதத்தைத் தாண்டும் துணை நிறுவனம் 'முக்கியமானது'. அதில் கம்பெனியின் பங்கு 50 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கும்படி விற்க, பொதுவாகப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்த்து 1 ஓட்டு என்றால் ஆதரித்து 3 ஓட்டாவது விழ வேண்டும். நோட்டீஸ் டீமேட்டில் பதிவான மெயிலுக்கு வரும். பழைய மெயில் ஐடி என்றால் வந்ததே தெரியாது. பொதுக்கூட்டத்துக்கான முன்கூட்டிய இ-வோட்டிங் முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். குடியாத்தத்தில் உட்கார்ந்தபடியே டீமேட் பங்குகளை வைத்திருக்கும் சிடிஎஸ்எல், என்எஸ்டிஎல் அமைப்புகளின் தளங்களில் ஓட்டுப் போடலாம். கூட்டம் வீடியோவில் நடந்தால் பேசவும் முடியும். நோட்டீஸில் சொன்ன தேதிக்குள் பேச்சாளராகப் பதிவு செய்யுங்கள்.

ஓட்டுக்கே வராத சின்ன விற்பனை என்றால் கம்பெனி செக்ரட்டரிக்கு மெயில்தான். டிபி ஐடி, கிளையன்ட் ஐடி (உங்கள் டீமேட் கணக்கின் எண்கள்), பங்கு எண்ணிக்கை, அறிவிப்புத் தேதி போட்டு, மதிப்பீடு செய்தது யார், வேறு யாராவது விலை கேட்டார்களா, பணம் ஒரே தவணையா, கடனும் ஜாமீனும் என்னவாயின என்று கேளுங்கள். 'ஏன் ஏமாத்துறீங்க' என்று எழுதினால் பதிலும் அதே தரத்தில்தான் வரும்.

பதில் இல்லையென்றால் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். கம்பெனிக்கு 21 நாள் கெடு. பதில் திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் மறுஆய்வு கேட்க வேண்டும். ஆனால் 'விலை குறைவு' என்ற புகார் மட்டும் அங்கே நிற்காது. அறிவிப்பை மறைத்தது, ஓட்டைத் தவிர்த்தது, வாங்கியவர் உறவுத் தரப்பு (கம்பெனியோடு தொடர்புள்ளவர்) என்பதைச் சொல்லாதது போன்றவைதான் நிற்கும். அதற்கும் மேலே கம்பெனி சட்டம் 245-ஆம் பிரிவு இருக்கிறது: 100 பங்குதாரர்கள் சேர்ந்தால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் போகலாம். தமிழ்நாட்டில் பதிவான கம்பெனி என்றால் சென்னை அமர்வு. வக்கீல் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

வரி விஷயம்: கம்பெனியின் நஷ்டத்தை உங்கள் கணக்கில் காட்ட முடியாது. உங்கள் பங்கை நீங்கள் விற்று வந்த நஷ்டத்தை மட்டும்தான் காட்டலாம். நீண்டகால நஷ்டம் நீண்டகால லாபத்தோடு மட்டுமே கழியும். குறுகியகால நஷ்டம் இரண்டோடும் கழியும். மீதியை 8 வருடம் கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால்.