அமைச்சரைத் தப்பவிடும் கேள்விகள்

2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு இலங்கைப் பாராளுமன்றத்தில் புதுமுகங்கள் நிறைந்துவிட்டன. அவர்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுக்க அமர்த்தப்பட்ட பிள்ளைகளும் புதியவர்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்காக இதே வேலையை நெடுங்காலம் பார்த்தவன் என்பதால், ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் சிலர் தங்கள் வரைவுகளை என்னிடம் காட்ட வருகிறார்கள். வாசித்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிய அதே கேள்விகள். கையெழுத்துக்குப் பதில் கணினி எழுத்து, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சபைக்குப் போக வேண்டும், சபாநாயகரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் அரசியலுக்கு வந்திருக்கவே வேண்டாம். ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 225 பேர் கொண்ட சபைக்கு ஆளும் கட்சியிலிருந்து 159 பேர் தெரிவாகி வந்தார்கள். வாக்கெடுப்பு வைத்து எந்த அமைச்சரையும் அசைக்க முடியாது. எதிர்க்கட்சிக்கு எஞ்சியிருப்பது, அமைச்சரின் வாயிலிருந்து வந்து, சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் ஏறும் எண்ணும் திகதியும்தான். அதைப் பெற்றுத் தராத கேள்வி எவ்வளவு காரமாக இருந்தாலும் வீண்.

எல்லாவற்றையும் ஒரே அமைச்சரிடம் கேட்பது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு ஆத்திரமூட்டுகிற தவறு இது.

அண்மையில் ஒரு தம்பி கொண்டுவந்த வரைவில் தோட்டத் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி நிலுவை, லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் கூரை, தோட்டப் பாதை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் எல்லாம் ஒரே கேள்வியில் இருந்தன. கடைசி வரி: “இம்மக்களின் அவல வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைக்க அரசாங்கம் என்ன நடவடிக்கை எடுக்கும்?” மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். சபையில் கேட்டால் அமைச்சர் மனதுக்குள் நன்றி சொல்வார்.

அவர் என்ன பதில் தருவார் என்பது எனக்கு மனப்பாடம். கூரையும் பாதையும் தொடர்பாக நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. பள்ளிக்கூடம் மாகாண விடயம். சேமலாப நிதி தமது அமைச்சின் விடயப் பரப்புக்குள் வராது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். துணை வினாவுக்கு எழுந்தாலும் எதைத் தொடர்ந்து கேட்பது? பிடித்துக்கொள்ள ஒரு எண்கூட அந்தப் பதிலில் இருக்காது.

சேமலாப நிதியையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கப்படுகிறது; தொழில்தருநர் 12 சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ போன்ற அரச தரப்புத் தோட்டங்களில் இந்தப் பணம் ஒழுங்காகக் கட்டப்படாமல் நிலுவை சேர்ந்தது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கைக்கு வர வேண்டிய பணம் அது. சேவைக்காலப் பணமும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்து, வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இந்த ஒரு விடயத்துக்குள்ளேயே மூன்று அமைச்சுகள் இருக்கின்றன. கடனாளி அரச நிறுவனம்; அது பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சின் கீழ். கட்டாதவரைப் பிடிக்க வேண்டியவர் தொழில் ஆணையாளர் நாயகம்; நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி அறவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு; அது தொழில் அமைச்சு. நிறுவனத்திடம் காசு இல்லை என்றால் கொடுக்க வேண்டியது திறைசேரி. அது நிதி அமைச்சு. மூன்றையும் ஒருவரிடம் கேட்டால் அவர் மற்ற இருவரையும் கைகாட்டுவார். அதில் பொய்யும் இல்லை. சட்டப்படி அவர் சொல்வது சரி. நமக்குத்தான் ஒரு வாய்ப்புப் போய்விடுகிறது.

வாய்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சபை பெரும்பாலும் மாதத்தில் இரண்டு வாரங்கள்தான் கூடுகிறது. கேள்வி கொடுத்து, அது ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி, முறை வருவதற்கே வாரக்கணக்காகும். முறை வந்த அன்று, “பதிலளிக்க ஒரு மாத அவகாசம் கேட்கிறேன்” என்று ஆளும் தரப்பில் ஒருவர் எழுந்து சொல்லலாம். இத்தனையும் தாண்டி வந்த பதில் “எனது விடயப் பரப்பு அல்ல” என்றிருந்தால், தோட்டத்தில் காத்திருக்கும் மனிதருக்கு என்ன சொல்வது? மாத்தளைப் பக்கம் ஓய்வுபெற்ற ஓர் அம்மா, தன் உறுப்பினர் கேள்வி கேட்பதைத் தொலைபேசியில் பேரன் போட்டுக் காட்டப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “கேட்டாரே ஐயா, அப்ப எப்ப காசு வரும்?” அந்தக் கேள்வியை எழுதியவர் பக்கத்தில்தான் நின்றார். பாராட்டுக்காகக் காத்திருந்தவர் மெல்ல வெளியே போய்விட்டார்.

சரி, எப்படி எழுதுவது? மூன்றாகப் பிரியுங்கள். மூன்றையும் வெவ்வேறு உறுப்பினர்களின் பெயரில் கொடுத்தால் இன்னும் நல்லது. பெருந்தோட்ட அமைச்சருக்கு இப்படி:

“(அ) (i) அமைச்சின் கீழுள்ள தோட்டங்களில் 2015 முதல் இன்றுவரை செலுத்தப்படாத ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், சேவைக்காலக் கொடுப்பனவு ஆகியவற்றின் நிலுவை தோட்டவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் தனித்தனியே யாது, (ii) நிலுவை கிடைக்காத ஓய்வுபெற்ற தொழிலாளரின் எண்ணிக்கை தோட்டவாரியாக யாது, (iii) அந்நிலுவை செலுத்தி முடிக்கப்படும் திகதி யாது, என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?”

தொழில் அமைச்சரிடம் அதே தோட்டங்களின் பெயர்களைச் சொல்லி, எத்தனை வழக்குகள், எந்த நீதிமன்றத்தில், எந்த ஆண்டில் தாக்கலாகின என்று மட்டும் கேளுங்கள். நிதி அமைச்சரிடம், இந்த நிலுவைக்கென்று திறைசேரி எந்த ஆண்டு எவ்வளவு விடுவித்தது என்று மட்டும். மூன்று பதிலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே பணம் நின்றது என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பேச வேண்டும். கோபப்படுவதாக இருந்தாலும் அப்போது படலாம்.

இன்னொன்று. அமைச்சர் விடையை வாசிக்காமல் “சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்” என்று உட்காருவார். தொலைக்காட்சிக்குக் காட்சி கிடைக்கவில்லை என்று நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அப்படிச் சமர்ப்பிக்கும் எழுத்து விடையின் இணைப்பில்தான் தோட்டவாரியான அட்டவணை இருக்கும். மாலையே போய்ப் பிரதி எடுங்கள்.

‘அது கம்பனி விடயம்’ என்றதும் உட்கார்ந்துவிடுவது

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. அன்றிலிருந்து அமைச்சர்களுக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துப்போய்விட்டது. தனியார் கம்பனியின் உள்விவகாரத்தில் அரசாங்கம் எப்படித் தலையிடும் என்று அப்பாவியாகக் கேட்பார்கள்.

நிலம் அரசுடையது. கம்பனிகளிடம் இருப்பது 2045 வரையிலான குத்தகை. அதற்கு மேல், திறைசேரிச் செயலாளரின் பெயரில் ‘பொற்பங்கு’ எனப்படும் சிறப்புப் பங்கு ஒன்று இருக்கிறது. அந்தப் பங்குக்காரர் இரண்டு வார எழுத்து அறிவித்தல் கொடுத்துக் கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்கலாம். காலாண்டு முடிந்து 60 நாளுக்குள் கம்பனி அவருக்கு விரிவான அறிக்கை கொடுக்க வேண்டும். நிலத்தை உப குத்தகைக்கு விடுவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் பின்பக்கத்துக் குறிப்புகளில் இதெல்லாம் அச்சிலேயே இருக்கிறது, யாரும் புரட்டுவதில்லை.

ஆகவே நிதி அமைச்சரிடம் கேளுங்கள்: இந்தக் கம்பனியின் கணக்குகளை அரசாங்கம் கடைசியாக எப்போது பரிசோதித்தது? கடந்த நான்கு காலாண்டு அறிக்கைகளும் கிடைத்தனவா? சுற்றுலா விடுதிக்கு விட்ட அந்தக் காணிக்குச் சம்மதம் கொடுத்த திகதி யாது? கம்பனி விடயம் என்று இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பத்திரிகை நறுக்கைச் சபையில் தூக்கிக் காட்டுவது

வேண்டாம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முதலில் ஆவணத்தை எடுங்கள்.

மாகாண விடயம் என்ற மதில்

மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் நிர்வாகம் பார்க்கிறார். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ். கேள்வி கேட்க மாகாண சபை உறுப்பினர் இல்லை. பாராளுமன்றத்தில் கேட்டால் மாகாணத்தைக் காட்டுகிறார்கள்.

ஆசிரியர் வெற்றிடத்தைக் கல்வி அமைச்சரிடம் கேட்டு மூக்குடைபட வேண்டாம். மாகாணத்துக்குப் போகும் பணம் மத்திய அரசின் பணம். எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு ஒதுக்கி, எவ்வளவு கைக்குப் போய், எவ்வளவு செலவாகாமல் திரும்பியது என்று மாகாண சபைகளுக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்கலாம். வலயவாரியான வெற்றிடக் கணக்கை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கேளுங்கள். அங்கே அதிகாரிகளே கோப்போடு உட்கார்ந்திருப்பார்கள். நம் உறுப்பினர்கள் பலர் அந்தக் கூட்டத்துக்குப் படம் எடுக்கத்தான் போகிறார்கள்.

குழுநிலையில் பொதுக்கூட்டப் பேச்சு

வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் செலவுத் தலைப்பு ஒன்றை 10 ரூபாயால் குறைக்கும்படி எதிர்க்கட்சி பிரேரிப்பது வழக்கம். அந்தப் பத்து ரூபாய் ஒரு சாட்டு. அமைச்சின் ஒவ்வொரு சதத்தையும் விசாரிக்கக் கிடைக்கும் நாள் அது. நம்மவர் அதில் பாதி நேரத்தை 1948இன் குடியுரிமைச் சட்டத்தில் தொடங்குகிறார். வரலாறு முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபாய் என்றும், அரசாங்கம் வருகைக்காக 200 ரூபாய் தரும் என்றும் சொல்லப்பட்டது. அதற்கு 5,000 மில்லியன் ஒதுக்கினார்கள். எந்த மாதம், எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு விடுவிக்கப்பட்டது? வருகையைச் சான்றுப்படுத்துவது தோட்ட நிர்வாகம் என்றால் அதைச் சரிபார்ப்பவர் யார்? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும்.

அதிகாரியைப் பெயர் சொல்லி ஏசுவது

அவர் எழுந்து பதில் சொல்ல முடியாது. சபையில் சொன்னதற்காக உங்கள்மீது வழக்குப் போட முடியாது, அந்தச் சிறப்புரிமை உங்களுக்கு உண்டு. வெளியே வந்து நிருபர்களிடம் அதையே சொன்னால் கிடையாது.

நம்பிக்கையில்லாப் பிரேரணை மோகம்

2023 செப்டெம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரான பிரேரணை ஆதரவாக 73, எதிராக 113 வாக்குகள் என்று தோற்றது. 2024 பெப்ரவரியில் அவர் கைதானார். தரமற்ற மருந்துக் கொள்வனவு பற்றிய விசாரணையில். இப்போதுள்ள எண்ணிக்கையில் கையெழுத்துத் திரட்டி ஓடுவதைவிட, கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் கோப் குழுவில் உட்காருவது மேல்.

மண் சரிந்த பிறகு கேட்பது

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயன்கள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகம் மறுபடி அதையே பார்த்தது. ஒவ்வொரு முறையும் நிவாரணப் பொதி எத்தனை, இழப்பீடு எவ்வளவு என்றே சபையில் கேட்கிறோம்.

மழை இல்லாத மாதத்தில் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் உயர் ஆபத்து என்று குறித்த லயன்கள் எவை. அந்தப் பட்டியல் தோட்ட நிர்வாகத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது. மாற்றுக் காணி அடையாளம் காணப்பட்டதா. கம்பனி அதை விடுவித்ததா, எப்போது. அங்கே கட்டப்பட்ட வீடுகள் எத்தனை. இன்னும் அந்தச் சரிவில் வசிக்கும் குடும்பங்கள் எத்தனை. இன்றேல், ஏன்?