சர்வாதிகாரத்தின் கீழ் கருத்துருக் கலை: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலியில் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்துப் பத்தாண்டு நிறைந்த 1983இல், சாண்டியாகோ நகரச் சுவர்களில் இரவோடு இரவாக 'நோ +' என்று எழுதிவைக்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் கூட்டல் குறியை 'மாஸ்' என்பார்கள், 'நோ மாஸ்' என்றால் 'இனி வேண்டாம்'. என்ன வேண்டாம் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. மிச்சத்தைப் போகிற வருகிறவர்கள் எழுதினார்கள்: பசி வேண்டாம், சித்திரவதை வேண்டாம், சாவு வேண்டாம். தொடங்கிவைத்தது காடா என்ற சிறு குழு. கவிஞர் ராவுல் சுரித்தா, எழுத்தாளர் தியாமெலா எல்தித், கலைஞர்கள் லோத்தி ரோசன்ஃபெல்ட், ஹுவான் காஸ்தியோ ஆகியோரோடு ஒரு சமூகவியலாளரும் 1979இல் சேர்ந்து உருவாக்கிய குழு அது.

இந்தச் சுவரின் புகைப்படத்தை இன்று பார்க்கிற பலர், "இதில் கலை எங்கே இருக்கிறது? நானே எழுதிவிடுவேனே" என்கிறார்கள். முதல் தவறு இதுதான். இது கருத்துருக் கலை, அதாவது கைத்திறனைவிட யோசனையையே முதன்மையாகக் கொண்ட கலை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதற்காகவேதான் அது அப்படிப் பாதியில் நிறுத்தப்பட்டது. கைத்திறனைத் தேடினால் கிடைப்பது கொஞ்சம் சாயமும் காரைச் சுவரும்தான். அடுத்தவர் கை நுழைய எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், படைப்பு அங்கே இருக்கிறது. காலப்போக்கில் அந்த வாசகத்தை எழுதியவர்களில் பலருக்கு அதைக் கலைஞர்கள் தொடங்கினார்கள் என்பதே தெரியாமல் போனது. அதைவிடப் பெரிய வெற்றி அந்தக் குழுவுக்கு இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

பூடகமாகப் பேசுவதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது அடுத்த தவறு. இதே குழு 1979இல் சாண்டியாகோவின் ஏழைப் பகுதியான லா கிரான்ஹாவில் பால் பைகளை விநியோகித்தது. பையில் அச்சிட்டிருந்தது 'அரை லிட்டர் பால்' என்பது மட்டுமே. வெளியாள் ஒருவருக்கு அது தானதருமமாகத் தோன்றலாம். ஆனால் 1973இல் ராணுவம் கவிழ்த்த சல்வடோர் அயெந்தேயின் அரசு, ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் தருவோம் என்று சொல்லியிருந்தது. பையை வாங்கிய தாய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. தணிக்கை அதிகாரி எதைத் தடை செய்வார், பாலையா? உள்ளூர் நினைவு தெரியாமல் இத்தகைய படைப்புக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எல்லாப் பெருமையையும் கலைஞரின் பெயரில் எழுதிவிடும் பழக்கம். அர்ஜென்டினாவைப் பாருங்கள். 1983 செப்டம்பர் 21, புவெனஸ் அயர்ஸின் மே சதுக்கம். ராணுவ ஆட்சி இன்னும் போகவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் நடத்திய பேரணியில் மூன்று கலைஞர்கள் காகிதச் சுருள்களையும் சாயத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் காகிதத்தின் மேல் படுத்துக்கொள்வார், இன்னொருவர் அவர் உடலைச் சுற்றிக் கோடு போடுவார். காணாமல் போன ஒருவருக்கு இருப்பவர் தன் உடலை இரவல் தருகிறார்.

யோசனை கலைஞர்களுடையது. அதற்கு உயிர் கொடுத்தது தாய்மார்கள் வைத்த நிபந்தனைகள். உருவங்களைத் தரையில் கிடத்தக்கூடாது, நிமிர்ந்து நிற்கும்படி சுவரில் ஒட்ட வேண்டும் என்றார்கள். 'உயிரோடு திருப்பிக் கொடு' என்பதுதானே அவர்கள் முழக்கம்! தரையில் கிடக்கும் உருவம் பிணம் என்றாகிவிடும். பட்டியல் முழுமையாக இல்லாததால் பெயர் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் அதைக் கேட்கவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரையும் அவர் காணாமல் போன தேதியையும் எழுதத்தான் செய்தார்கள். கடத்தப்பட்டவர்களில் கர்ப்பிணிகளும் இருந்ததால், கலைஞர்களில் ஒருவர் வயிற்றில் தலையணை வைத்துக்கொண்டு ஒரு கர்ப்பிணியின் உருவத்துக்கு மாதிரியாக இருந்தார். அரை மணி நேரத்தில் தங்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது என்று அந்தக் கலைஞர்களே பின்னர் சொன்னார்கள். அந்த நாளைப் பற்றி எழுதும்போது மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள்வது தாய்மார்களுக்குச் செய்யும் அநியாயம்.

செய்ய விரும்புகிறவர்கள் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு: வடிவத்தை மட்டும் நகலெடுப்பது. பிரேசிலின் சில்தோ மெய்ரெலெஸ் 1970இல் கோகோ கோலா கண்ணாடிப் பாட்டில்களில் வெள்ளை மையில் அரசியல் வாசகங்களை அச்சிட்டுக் கடைக்கே திருப்பி அனுப்பினார். காலிப் பாட்டிலில் எழுத்து கண்ணில் படாது. தொழிற்சாலையில் கறுப்பு பானம் நிரம்பியதும் தெளிவாகத் தெரியும். பாட்டில்கள் திரும்பிப் போய் மறுபடி நிரம்பி வந்த காலம் அது, நிறுவனத்தின் வண்டியே செய்தியைச் சுமந்தது. 1975இல் பத்திரிகையாளர் விளாதிமிர் ஹெர்சாக் ராணுவக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. 'ஹெர்சாக்கைக் கொன்றது யார்?' என்று மெய்ரெலெஸ் பிரேசிலின் பணமான குருசெய்ரோ நோட்டுகளில் முத்திரை குத்தினார். பணத்தை யாரும் கிழித்துப் போடமாட்டார்கள். இன்று குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பாட்டிலில் வாசகம் ஒட்டினால் அது குப்பைக்குத்தான் போகும்.

ஆட்சி கவிழ்ந்ததா என்று கேட்டு மதிப்பெண் போடுவதும் வேண்டாம். 1988 பொது வாக்கெடுப்பில் பினோசே தோற்றதற்குக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் பல்லாண்டுத் தெருப் போராட்டமும் காரணம். சுவரெழுத்து அந்த ஓட்டத்தில் கலந்த ஒன்று.

கடைசியாக, புகழ் காப்பாற்றும் என்ற நம்பிக்கை. 2011இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 81 நாள் அடைத்துவைக்கப்பட்டபோது உலகமே அவருக்காகக் குரல் கொடுத்தது. எல்லோருக்கும் அப்படி நடக்காது. ரஷ்யாவில் கலைஞர் சாஷா ஸ்கோசிலெங்கோ 2022இல் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விலைச் சீட்டுகளுக்குப் பதிலாக உக்ரைன் போர் பற்றிய சில வாசகங்களை வைத்தார். கடைக்கு வந்த ஒருவர் புகார் கொடுத்தார். தீர்ப்பு 7 ஆண்டுச் சிறை. கைதிகள் பரிமாற்றத்தில் 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். கியூபக் கலைஞர் லூயிஸ் மானுவல் ஒதேரோ அல்காந்தராவுக்கு 2022இல் 5 ஆண்டுச் சிறை விதித்தார்கள்.

ஆகவே இன்னும் இத்தகைய ஆட்சி நடக்கும் நாட்டிலிருந்து ஒரு படம் கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன் அதில் யார் முகம் தெரிகிறது, பின்னால் எந்தத் தெரு தெரிகிறது என்று பாருங்கள். கலைஞர் தெரிந்தே வந்திருப்பார். ஓரமாக நின்று தூரிகை பிடித்துக் கொடுத்தவர் தன் படம் வெளிவரச் சம்மதித்தாரா என்பது நமக்குத் தெரியாது. தெரியாதபோது அந்த முகத்தை மறைத்துவிட்டுப் பகிருங்கள்.